செவ்வெழுத்து ஹொஷிமோரி

போன வாரம் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதில் காண்ட்ராக்டருக்கு என்மேல் வருத்தம். திங்கட்கிழமையிலிருந்து நான் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அதனால் இந்த வாரம் கேன்டீன் பக்கம் போகாமல், ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓசூர் பாகலூர் சாலையில் ஓர் ஓட்டலின் மாடி ஹால். குளிர்சாதனம் நடுங்க வைக்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் கேசரி தயாராகும் நெய் வாசனை. மேடைக்கு முன்னால் நீல வெல்வெட் துணி விரித்த கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பழைய ஜப்பான் கேமரா. நெற்றியில் ஆங்கிலத்தில் பொறித்த கம்பெனிப் பெயர், எழுத்தெல்லாம் சிவப்பு. கீழே அச்சடித்த அட்டை: ‘செவ்வெழுத்து ஹொஷிமோரி. உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி. தனியார் சேகரிப்பு.’

கடைசி வரிசையில் சென்றாயன் உட்கார்ந்திருந்தார். ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், அந்தக் கேமராவுக்குச் சொந்தக்காரர். மடியில் கேமராவின் காலியான தோல் உறை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சார், அட்டையில தனியார்னு போட்டிருக்குதே, அது யாருங்க?”

“நீங்கதாங்க.”

“அப்ப எம் பேரையே போட்டிருக்கலாமே.”

நான் கேசரி வரும் திசையைப் பார்த்தேன்.

எங்கள் சங்கம்

பழைய கேமரா சேகரிப்பவர்களுக்கு ஓசூரில் ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பாலும் என்னைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிற்சாலைக்காரர்கள். நான் விருதுநகர்ப் பக்கம். இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மீதிப் பேர் தினமும் எல்லை தாண்டி பெங்களூருக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, டிராஃபிக்கில் மாட்டி, வெறுத்துப்போய் வீடு திரும்புகிறவர்கள். வெறுப்பு தீர ஆளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா.

எங்களில் யாரும் படம் எடுப்பதில்லை. ஃபிலிம் விலை அப்படி. கேமராவை வாங்குவோம், துடைக்காமல் வைப்போம், கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். இது எந்த மாடல் என்று மற்றவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் சங்கம்.

தலைவர் ரகுநாதன். மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி, அடுக்குமாடியில் பதினோராவது மாடி, வரவேற்பறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. கேமராவைக் கையில் எடுக்குமுன் வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டு கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பி, கண்ணை மூடி, “ம்” என்பார். அந்த “ம்” வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவருடைய முதல் சட்டம், பழைய பொருளை யாரும் துடைக்கக் கூடாது. தூசியும் ஒரு வரலாறாம். அவர் வீட்டம்மா இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அண்ணன் தம்பி ஆரம்பித்த கம்பெனி

ஹொஷிமோரி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கவலைப்பட வேண்டாம், ஜப்பானிலேயே மறந்துவிட்டார்கள்.

டோக்கியோவின் ஓர் ஓரத்தில் கண்ணாடி தேய்க்கும் பட்டறையாக அண்ணனும் தம்பியும் ஆரம்பித்தது. போர் வந்தபோது ராணுவத்துக்குத் தொலைநோக்கி செய்தார்கள். போரில் தோற்றதும் தொலைநோக்கி வாங்க ஆள் இல்லை. கையில் கண்ணாடி இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது, கேமரா செய்தார்கள். முதலில் ஜெர்மன்காரன் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தார்கள். உலகம் சிரித்தது. சிரித்தவர்கள் வாயை மூடுவதற்குள் ஜெர்மன்காரனைவிட நன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு பேராசை. ஒரே கேமராவுக்கு ஊருக்கு ஒரு பெயர். அமெரிக்காவில் ஒரு கடையின் பெயர், ஜெர்மனியில் இன்னொரு கடையின் பெயர். இன்று எங்களைப் போன்றவர்கள் இது எந்த மாடல் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். மற்ற கம்பெனிகள் பேட்டரிக்கு மாறியபோது இவர்கள் மட்டும் பல்சக்கரத்தையே நம்பினார்கள். ஒரு நாள் கதவை மூடினார்கள். பெயரை மட்டும் யாரோ வாங்கி, பிளாஸ்டிக் பொம்மைக் கேமராவில் ஒட்டினார்கள். கடைசியாக அந்தப் பெயரை நான் பார்த்தது ஓசூர் பேருந்து நிலையம் எதிரே, தள்ளுவண்டியில், ஓர் இயர்போன் அட்டையில்.

ஹொஷிமோரியில் எது எது என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஷட்டர் வேகம் இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று போனால் பழையது. முப்பது, அறுபது, நூற்றிருபத்தைந்து என்றால் பின்னால் வந்தது. தூரத்தை அடியில் குறித்திருந்தால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது; மீட்டர் மட்டும் இருந்தால் ஜப்பான்காரன் தன் ஊரில் விற்றது. பெயரின் எழுத்து சாய்ந்திருந்தால் அண்ணன் உயிரோடு இருந்த காலம், நிமிர்ந்திருந்தால் தம்பி பொறுப்பேற்ற பிறகு. எழுத்தில் பூசிய வண்ணம் எல்லாவற்றிலும் கறுப்புதான்.

இது தெரிந்ததால் எனக்கு என்ன பிரயோஜனம் என்று என் மனைவி ரோஸ்லின் கேட்பாள். நானும் பல வருடமாக யோசிக்கிறேன்.

சென்றாயன் வந்த கதை

என் பிரிவில் கவிதா என்று ஒரு பெண் ஆய்வாளராக இருக்கிறாள். கல்யாணமாகி சிங்காரப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கணவனோடு ஓசூரில் இருக்கிறாள். என் கேமராக் கிறுக்கு தொழிற்சாலை முழுக்கத் தெரியும். ஒரு நாள் மதியம் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு துண்டு, அதற்குள் இந்தக் கேமரா.

“விக்கிறதுக்கு இல்லீங்க சார்” என்றார் எடுத்த எடுப்பில். “ஒரே ஒரு சங்கதி தெரிஞ்சிக்கணும். இது எனக்குக் குடுத்ததா, நான் எடுத்துக்கிட்டதான்னு இதப் பாத்துச் சொல்ல முடியுங்களா?”

தொழிற்பேட்டை பாதி புதராகக் கிடந்த காலத்தில் அவர் ஒரு கம்பெனியில் கார் ஓட்டுநர். பிரஸ் இயந்திரம் நிறுவ ஜப்பானிலிருந்து ஹமதா என்று ஒருவர் வந்து தங்கியிருக்கிறார். காலையும் மாலையும் அவரை ஏற்றி இறக்கியது சென்றாயன். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வழியில் மாங்காய் வாங்கிக் கொடுத்தால் அவர் உப்புமிளகாய் தொட்டுத் தின்று கண்ணில் நீர் வழியச் சிரிப்பாராம்.

“கெளம்புற அன்னிக்கி அவரு டூல் ரூமுக்குப் போயிட்டு ஒடனே வரலீங்க. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கிறேன், பிளேனுக்கு நேரமாவுது. அப்பறம் வந்தாரு. ஏர்போட்டுல எறங்குறப்ப தோள்ல கெடந்த இத கழட்டி என் தோள்ல மாட்டிட்டு, குனிஞ்சி ஒரு கும்புடு போட்டாரு. நானும் குனிஞ்சேன். அவ்ளோதான், போயிட்டாரு.”

அடுத்த வாரமே அந்தக் கம்பெனியின் நிர்வாக மேலாளர் கூப்பிட்டுவிட்டார். ஜப்பான்காரர் ஒரு டிரைவருக்கு இவ்வளவு விலையுள்ள கேமராவைக் கொடுப்பாரா என்பது அவர் கேள்வி. அவருக்கே ஒரு பேனாதான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம். கேள்வியின் சூடு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. ஹமதாவுக்கு எழுதிக் கேளுங்கள் என்று சென்றாயன் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதவில்லை. போலீசுக்குப் போகாமல் வேலையிலிருந்து மட்டும் நிறுத்தினார்கள். அது பெருந்தன்மையாம்.

அதற்குப் பிறகு ஊரில் அவர் பெயர் கேமரா சென்றாயன். கேட்கிறவர்களுக்கு அது பட்டப்பெயர், அவருக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கவிதாவைப் பெண் பார்க்க வந்த இடத்திலும் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றும் மாமியார் வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனால், “உங்கப்பா வந்திருந்தாரா” என்று சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது கவிதா தரையைப் பார்த்தாள்.

“இதுல ஒரு படமாச்சும் எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எப்படிங்க எடுக்கறது? கையில எடுத்தாவே திருட்டுக் கேமராம்பாங்க. பொட்டியிலதான் கெடக்குது.”

பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி, நேரே தலைவரிடம் கொண்டுபோனேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

“ம்”

தலைவர் கையுறை மாட்டினார். உறையின் முன்மடலைத் திறந்ததும் கண் விரிந்தது. ஹொஷிமோரி என்று சாய்வெழுத்து, மீட்டர் மட்டும் குறித்த லென்ஸ், ஜப்பானில் விற்ற பழைய மாடல். அதெல்லாம் சரி. ஆனால் எழுத்தின் பள்ளத்தில் கறுப்புக்குப் பதில் சிவப்பு.

“ம்” என்றார்.

அன்று மாலைக்குள் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி பொறியாளர்களுக்காகத் தனியாகச் செய்த சிவப்பெழுத்து வகை என்றார் ஒருவர். அண்ணன் இறந்த துக்கத்தில் செய்தது என்றார் இன்னொருவர். ஜப்பானில் துக்கத்துக்குச் சிவப்பா என்று நான் கேட்டேன். என்னைக் குழுவில் யாரும் பொருட்படுத்தவில்லை.

உறை கேமராவின் அடியில் ஒரு பெரிய திருகால் பிணைக்கப்பட்டிருந்தது. சென்றாயனுக்கு உறையும் கேமராவும் ஒரே சாமான். பிரிக்கலாம் என்றே தெரியாது. தலைவர் திருகைக் கழற்றினார். அடித்தகட்டில் கையால் கீறியது போலக் கோணல் மாணலாகச் சில ஜப்பான் எழுத்துகள் இருந்தன.

“இன்ஸ்பெக்டர் மார்க்” என்றார் தலைவர்; தொழிற்சாலையில் சோதித்தவர் போட்ட அடையாளமாம். ஒருவர் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினார். ‘குளிர்ந்த கோடு’ என்றது. மறுபடி காட்டினால் ‘வெங்காயம் அல்ல’ என்றது. அப்படியானால் இன்ஸ்பெக்டர் மார்க்தான் என்று முடிவாயிற்று.

எங்கள் கம்பெனிக்குக் கணக்கு வழக்கு பார்க்க ஜப்பானிலிருந்து வந்திருக்கும் மொரிட்டா சானிடம் (சான் என்றால் அவர்கள் ஊர் ‘சார்’) காட்டலாமா என்றேன். “நல்ல ஐடியா, அவரையே சீஃப் கெஸ்டாக் கூப்பிடுவோம்” என்றார் தலைவர். “ஃபங்ஷன்லயே பாக்கட்டும். அதுக்கு முன்னாடி யாரும் காட்ட வேணாம், சர்ப்ரைஸ்.” மொரிட்டா சானுக்குக் கேமரா பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஜப்பான்காரர், போதாதா.

சென்றாயன் கேட்ட கேள்வி என்ன ஆயிற்று என்று தலைவரிடம் கேட்டேன். “யார் குடுத்தா என்ன ஜெயசீலன், எடுத்தா என்ன? பீஸ் கெடைச்சுதா, அதைப் பாருங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னதற்குத் தலையாட்டுவது எங்கள் சங்கத்தில் பழக்கம்.

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கவிதா வந்து நின்றாள்.

“சார், அப்பா கேமராவ ஒரு நாளைக்குக் கேக்கறாரு. வருசா வருசம் வண்டிக்குப் பொட்டு வெக்கறப்ப அதுக்கும் வெப்பாரு. இந்த வருசம் இல்லாம ஒரு மாதிரியா இருக்குதாம்.”

தலைவருக்கு ஃபோன் செய்தேன். விழா முடியும் வரை பீஸ் அலமாரியைவிட்டு வராது என்றார். கவிதாவிடம் சொன்னேன், சரிங்க சார் என்று போய்விட்டாள்.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் பெரிய பிரஸ்ஸிலிருந்து சின்ன ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அளவுக் கருவிகளுக்கும் உண்டு. பூஜை முடிந்ததும் மைக்கிரோமீட்டர், வெர்னியர் எல்லாவற்றையும் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைப்பது என் பிரிவு. மனிதன் பார்க்கிற வேலையில் அவ்வளவு பொறுமையைச் சோதிப்பது வேறில்லை. எஃகில் வெட்டிய மெல்லிய கோடுகளுக்குள் ஈரக் குங்குமம் இறங்கிக் காய்ந்துவிடும். மில்லிமீட்டர் கோடெல்லாம் சிவப்பாகத் தெரியும்.

கையில் ஒரு வெர்னியர். பின்பக்கத்தில், எந்த டூல் ரூமிலும் உள்ள வழக்கப்படி, மின்சாரப் பேனாவால் ‘முருகேசன்’ என்று அதிர அதிரப் பொறித்திருந்தது. கருவி கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். எவன் பெயர் இருக்கிறதோ அவன் சாமான், அதற்கு மேல் பேச்சில்லை. முன்பக்கம் திருப்பினேன். கோடுகள் சிவப்பு. பூஜைக்கு முந்தின நாள் கவிதா சொன்னது காதில் விழுந்தது.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து நான் பாட்டுக்குச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர்கள் சர்க்கரைப் பொங்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

தலைவரிடம் சொன்னேன். “அது குங்குமம் சார். வருசா வருசம் பொட்டு வெச்சிருக்காரு. ஈரத் துணியால ஒரு தடவ தொடச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்.”

“தொடைக்கறதா? ஒரிஜினாலிட்டி என்ன ஆகறது?” என்றார். பிறகு, “அதோட, பேனர் அடிச்சாச்சு” என்றார்.

மறுபடி அந்த ஹால்

பேனரில் தலைவர் படம் பெரிதாகவும், கேமரா படம் சிறிதாகவும், நடுவில் மொரிட்டா சான் படம் மாலையோடும் இருந்தன.

மொரிட்டா சான் வந்ததும் எல்லோரும் குனிந்தோம். அவர் குனிந்தார். அவர் குனிந்தது ஆழமாக இருந்ததால் நாங்கள் இன்னொரு முறை குனிந்தோம். தலைவர் செவ்வெழுத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நீண்ட நேரம் பேசினார். மொரிட்டா சான் தலையாட்டிக்கொண்டே கேசரி வாசனை வரும் பக்கம் பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒன்று.

பெட்டியைத் திறந்து கேமராவை அவர் கையில் கொடுத்தார்கள். கையுறை நீட்டினார்கள், அவருக்கு அது எதற்கென்று புரியவில்லை, மேசையில் வைத்துவிட்டார். வெறுங்கையால் பிடித்து, பெயரைப் படிக்கக் கட்டைவிரலால் எழுத்தின் மேல் தடவினார். கட்டைவிரல் சிவப்பாயிற்று.

மொரிட்டா சான் எங்கள் தொழிற்சாலையில் இரண்டு ஆயுத பூஜை பார்த்தவர். விரலில் சிவப்புப் பொடி ஒட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று மனிதவளத் துறை அவருக்கு நன்றாகப் பழக்கியிருக்கிறது. கண்ணை மூடி, பயபக்தியோடு, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி அவர் நெற்றியில் இருந்தது. தலைவரை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், அவர் என்னைச் சங்கத்தைவிட்டு நீக்கியிருப்பார்.

மொரிட்டா சான் கேமராவைக் கவிழ்த்தார். அடித்தகட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ‘இன்ஸ்பெக்டர் மார்க்’ என்று தலைவர் எடுத்துக் கொடுத்தார். அவர் இல்லை என்று தலையசைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“சென்-ரா-யன் சான்.” பிறகு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில், “சென்ராயன் சானுக்கு, என்று இருக்கிறது. கீழே, ஹமதா. யார் சென்ராயன் சான்?” என்றார்.

கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. சென்றாயன் எழுந்து நின்றார். காலை ஷிப்டில் பெயர் கூப்பிடும்போது நிற்பது போல உடம்பை நேராக்கிக்கொண்டார்.

“இருக்கேன் சார்” என்றார்.

பிளேனுக்கு நேரமாகிறது என்று இவர் வெளியே வண்டியில் தவித்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் டூல் ரூமில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. டூல் ரூமுக்குப் போனவர் வேறென்ன செய்வார். யாருடைய சாமானோ அவர் பெயரைப் பொறித்திருக்கிறார். இவருக்கு ஜப்பான் எழுத்துப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கம்பெனியில் ஒருவர், ஒரே ஒருவர், அந்தத் திருகைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மொரிட்டா சான் மேடையிலிருந்து இறங்கி வந்து, கேமராவை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து கொடுத்தார். இந்த முறை நாங்கள் யாரும் குனியவில்லை. சென்றாயன் மட்டும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

தலைவர்தான் முதலில் தேறினார். என் காதருகே வந்து, “பேர் வெட்டினா கலெக்டர் வேல்யூ பாதி போயிடும், தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன்.

சென்றாயன் அடித்தகட்டை விரலால் தடவினார். “இதுங்களா எம் பேரு?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். “கவி, இங்க வந்து ஒரு போட்டோ எடு. எழுத்து நல்லா தெரியணும். உங்க மாமியாருக்கு அனுப்பு” என்றார். கவிதா கைப்பேசியில் எடுத்தாள். எழுத்து தெளிவாக விழவில்லை என்று இன்னொரு தடவை எடுத்தாள்.

பிறகு அவர் நேரே கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். நீல வெல்வெட்டின் மேல் கேமராவைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். ‘தனியார்’ அட்டையை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தலைவர் ஓடி வந்தார். “ஐயா, தலைகீழா வெச்சிருக்கீங்க.”

“இவ்ளோ நாளும்தான் சார் தலைகீழா இருந்துச்சு” என்றார் சென்றாயன், பெட்டியை மூடிக்கொண்டே.